நிலுவைக் கம்பியில் ஒரு மஞ்சள் சீட்டு

கணவன் மனைவிக்குள் என்ன கணக்கு என்று கேட்பவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கொடுக்க வேண்டியவர்கள்தான் எப்போதும் அப்படிக் கேட்பார்கள். வாங்க வேண்டியவர் வாயிலிருந்து அந்த வசனம் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. மெக்கானிக்கும் அன்று காலை அதைத்தான் கேட்டார். அதுவும் மனைவி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"நமக்குள்ள என்னம்மா கடன்? நீ வேற, நான் வேறயா?"

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்குறப்ப வேறயாத்தானே இருந்தோம். அன்னைக்கு இதைச் சொல்லியிருந்தா நானும் சிரிச்சிட்டு சும்மா இருந்திருப்பேன்."

"இப்ப கையில இல்ல. வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

"எந்த வண்டிக்கு?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பழுதான வாஷிங்மெஷின், ஃப்ரிட்ஜ்களை ஏற்றி இறக்க ஒரு பழைய சின்ன வேன் விலைக்கு வந்திருந்தது. மெக்கானிக் யாரிடமும் மூச்சு விடாமல் முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவள் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்த வயசுல படிச்சு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போற? இப்ப தர முடியாது. தரமாட்டேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்பது அவர் வழக்கம். இருபத்திரண்டு வருடத்தில் பாதி நேரம் அது பலித்தும் இருக்கிறது. செல்லம் கொடுத்தவள் அவள்தான், வேறு யாரைக் குறை சொல்வது?

அவள் ஒரு கண் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு ஆட்களை உள்ளே அனுப்புவது, கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடிக்கொண்டு உட்காரச் சொல்வது, எழுந்து நடமாடுபவர்களை அதட்டி மறுபடியும் உட்காரவைப்பது, இதெல்லாம் அவள் வேலை. டாக்டரிலிருந்து கூட்டிப் பெருக்குபவர்வரை எல்லோருக்கும் அவள் "டோக்கன் அக்கா". ஆனால் அவளுக்கு வேறொன்றும் தெரியும். கண் பரிசோதிக்கும் அறையில் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு "இப்ப நல்லா தெரியுதா?" என்று கேட்கும்போது, வயதானவர்கள் பலர் மரியாதைக்காகத் தெரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். யார் மெய்யாகச் சொல்கிறார், யார் எதிரில் இருக்கும் சின்னப் பெண் மனம் கோணக்கூடாதே என்று சொல்கிறார் என்பது வாசலில் நிற்கும் அவளுக்கு அவர்கள் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெரியாத எழுத்தைப் படிக்கிற கழுத்து கொஞ்சம் முன்னால் போகும். பரிசோதிக்கும் பெண்கள் சந்தேகம் வந்தால் ரகசியமாக அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் லேசாகத் தலையை ஆட்டுவாள்.

அந்தப் பெண்களின் நாற்காலியில் அவள் உட்கார முடியாது. சான்றிதழ் இல்லை. கண் பரிசோதனைக்கான இரண்டு வருடப் படிப்பில் முதல் வருடம் முடித்தபோது கல்யாணம் வந்தது, பிறகு மகள் வந்தாள், பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார். ஒன்று போனால் ஒன்று. இப்போது மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். படிப்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. நாற்பத்தைந்து வயதுவரைதான் சேர்த்துக்கொள்வார்கள். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. இந்த வருடச் சேர்க்கையை விட்டால் விட்டதுதான்.

கட்டணத்துக்கான பணத்தை அவள் என்றோ சேர்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முகாம்களுக்குப் போய் வந்த காசு, எட்டு வருடக் காசு, நாற்பத்திரண்டாயிரம். மூன்று வருடத்துக்கு முன் மெக்கானிக் கடையின் கட்டட உரிமையாளர் திடீரென்று முன்பணத்தை இரட்டிப்பாகக் கேட்டார். மெக்கானிக் சாமான்களோடு தெருவில் நிற்க வேண்டிய நிலைமை. அவள்தான் அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எழுதிக் குடுங்க."

அவர் சந்தோஷத்தில் இருந்தார். பத்திரம் எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. அவர் வாழ்க்கையில் எழுதிய ஒரே ஒப்பந்தம் கடையின் வேலைச் சீட்டு. வெள்ளைத் தாள், அடியில் கார்பன், அதற்கடியில் மஞ்சள் தாள். வெள்ளை வாடிக்கையாளருக்கு, மஞ்சள் கடைக்கு. ஆகவே அந்தப் புத்தகத்தையே எடுத்து வைத்துக்கொண்டு, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே கட்டம் கட்டமாக நிரப்பினார். பொருள் என்ற இடத்தில் "என் வீட்டுக்காரியின் படிப்பு" என்று எழுதினார். பழுது என்ற இடத்தில் "முதல் வருடத்தோடு நின்றுவிட்டது, ஓட வைக்கலாம்" என்று எழுதினார். கூலி என்ற இடத்தில் "42,000, நான் தர வேண்டியது." கொடுக்கும் தேதிக்கு நேராக மூன்று வருடம் தள்ளி ஒரு தேதி. கீழே கையெழுத்து. அவளும் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவர் மேல் அவளுக்கு இருந்த பிரியத்தைச் சொல்லி மாளாது. அந்தப் பிரியத்தோடுதான் வெள்ளைத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அந்தத் தேதி போய்ப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது.

மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் சமரச அலுவலகம் இருந்தது. கோர்ட்டுக்குப் போகாமல் சின்னச் சின்னப் பணத் தகராறுகளைப் பேசித் தீர்க்கிற இடம். வாடகைப் பாக்கி, தையல் கூலி, திருப்பித் தராத கைமாற்று என்று ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அங்கே போய் மனுவை எழுதிக் கொடுத்தாள். எதிர்மனுதாரர் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினாள். விலாசத்தை எழுதும்போது சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பதிவுத் தபால் வந்தது. மெக்கானிக் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தபால்காரப் பெண் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, கையெழுத்துப் போடணும். ஆமா, மனு குடுத்தவங்க விலாசமும் இதேதான் போட்டிருக்கு?"

மெக்கானிக் வாயைக் கொப்பளித்துவிட்டு உறையைப் பிரித்துப் படித்தார். படித்து முடித்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார். "இந்தாம்மா! பேனா கொண்டுவா!"

அவள் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். தபால்காரப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இங்கே நின்றால் வம்பு என்று சைக்கிளை மிதித்துவிட்டாள்.

"பெத்த பொண்ணுக்குத் தெரியுமா இது?" என்றார் அவர்.

"சொல்லிட்டேன். 'ரெண்டு பேருக்கும் சாப்பாடு யாரும்மா செய்வாங்க'ன்னு கேட்டா. நான்தான்னு சொன்னேன்."

விசாரணை நாளன்று அவள் அவருடைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். அவர் முறைத்தார். "கேஸும் போட்டுட்டு சட்டையும் தேய்க்கிறியா?"

"கசங்கின சட்டையோட நீங்க போய் நின்னா என்னைத்தான் சொல்வாங்க. போட்டுக்கங்க."

பஸ்ஸுக்கு ஏன் தண்டச் செலவு என்று ஸ்கூட்டரிலேயே போனார்கள். எதிர்மனுதாரர் வண்டியை ஓட்ட, மனுதாரர் பின்னால் உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு தெருவுக்கு அவள் இருக்கையின் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தெருவில் ஒரு பள்ளம் வந்தது. அதற்குப் பிறகு தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சமரச அலுவலர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அம்மாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த வெள்ளைச் சீட்டைப் படித்தார். படிக்கும்போது உதட்டோரம் துடித்தது. அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கக் கூடாது என்று கட்டுப்படுத்திக்கொண்டது தெரிந்தது. அந்தக் கண்ணாடி அந்த அம்மாவுக்குச் சரியாக இல்லை என்பதும் டோக்கன் அக்காவுக்குத் தெரிந்தது. கழுத்து முன்னால் போயிருந்தது.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்ங்க," என்றார் மெக்கானிக். "ஆனா இதெல்லாம் ஒரு பத்திரமா? நீங்களே பாருங்க. பொருள்னு போட்ட எடத்துல படிப்புன்னு எழுதியிருக்கேன். பழுதுன்னு போட்டு என்னமோ எழுதியிருக்கேன். புருஷன் பொண்டாட்டி வீட்டுக்குள்ள வெளையாட்டுக்கு எழுதினது. இதைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா."

அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். "அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கேம்மா. பாத்தா வெளையாட்டு மாதிரிதான் இருக்கு. நெசமா கடன்னு நெனச்சுத்தான் எழுதினாருன்னு நீங்க எப்படிச் சொல்வீங்க?"

பணம் போனால்கூடப் போகட்டும். அன்றைக்கு அவர் கட்டிலில் உட்கார்ந்து எழுதியது விளையாட்டு என்று அவர் வாயாலேயே கேட்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு நிதானமாகப் பேசினாள், சொட்டு மருந்து விடும்போது பேசுகிற அதே குரலில்.

"அம்மா, இவரு கடையில ஒரு கம்பி இருக்கு. நெலுவைக் கம்பி. முடியாத வேலையோட மஞ்சச் சீட்டெல்லாம் அதுல குத்தியிருக்கும். வேலை முடிஞ்சா சீட்டை எடுத்து டப்பாவுல போட்டுடுவாரு. வேலை வேணாம்னு ஆளு சொல்லிட்டா அந்த நிமிஷமே கிழிச்சுடுவாரு. வேண்டாத சீட்டு கம்பியில இருந்தா அன்னைக்கு இவருக்கு வேலையே ஓடாது. போன ஞாயித்துக்கெழமை கடையைத் தூசி தட்டப் போனேன். என் சீட்டோட மஞ்சத்தாளு அந்தக் கம்பியிலதான் இருக்கு. எல்லாத்துக்கும் அடியில. மூணு வருஷமா இருக்கு."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நெசமாங்களா?"

மெக்கானிக் பொய் சொல்லலாம். மனைவியிடம் வேன் விஷயத்தை மறைத்தவர்தான். ஆனால் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கடைச் சீட்டு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொய் வராது. அந்தக் கம்பியை நம்பித்தான் ஊர்க்காரர்கள் தங்கள் சாமானை அவரிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

"இருக்குங்க," என்றார்.

"அந்தச் சீட்டுகளை எப்பப்ப பாப்பீங்க?"

"தினமும்ங்க. கடை தொறந்ததும் அடியிலேருந்து மேல வரைக்கும் ஒரு தடவ பொரட்டிடுவேன். அதுக்கப்புறம்தான் ஸ்பேனரையே தொடுவேன்."

"அடியிலேருந்தா?"

"ஆமாங்க."

"அப்ப மூணு வருஷமா காலையில நீங்க மொதல்ல படிக்கிறது இவங்க சீட்டைத்தான்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு, நகத்தடியில் இருந்த கிரீஸை மற்றொரு விரலால் நோண்டினார். அவருடைய நீலச் சட்டையின் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதைச் சரி செய்யக் கை பரபரத்ததை அவள் அடக்கிக்கொண்டாள்.

"வெளையாட்டு இல்லங்க," என்றார் அவர் கடைசியில். "குடுக்கணும்னுதான் எழுதினேன். குடுக்கணும்னுதான் வச்சிருந்தேன். தேதி கிட்ட வர வரப் பயம் வந்துடுச்சு."

"என்ன பயம்?"

"இவ படிச்சு முடிச்சு வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு அந்த அறைக்குள்ள உக்காந்துடுவா. நான் எட்டாவதோட நின்னவன். சாயங்காலம் கூட்டிட்டு வரப் போனா, வாசல்ல என்னை யாருன்னு கேப்பாங்க. இவளும் ஒரு நாள் கேட்டுட்டான்னா?"

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எது முந்தியது என்று சொல்வது கஷ்டம்.

"பன்னெண்டு வருஷமா அங்க என்னை யாருன்னு ஒருத்தரும் கேக்கலைங்க," என்றாள். "டோக்கன் அக்கான்னா போதும், அவங்களுக்கு வேலை முடிஞ்சிடும். உங்களை ஒரு நாள் யாருன்னு கேட்டுடுவாங்களோன்னு உங்களுக்குப் பயம். எனக்கு ஒரு நாளாவது கேக்கமாட்டாங்களான்னு இருக்கு."

அம்மாள் இரண்டு டம்ளர் தண்ணீர் வரவழைத்தார். குடிக்கச் சொன்னார். பிறகு அனுபவசாலிகள் எப்போதும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: பாதிப் பணம் இப்போது, மீதிப் பாதி ஒரு வருடத்தில், இருவரும் ஒத்துப்போனால் இன்றைக்கே எழுதி முடித்துவிடலாம். மெக்கானிக் அவசரமாகத் தலையாட்டினார். வேனும் கைக்கு வரும், வீட்டிலும் அமைதி திரும்பும்.

பெண் என்றால் இந்த இடத்தில் விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று உலகமே எதிர்பார்க்கும். கணவன் மனதைத் திறந்து பேசிவிட்டான், கண்ணும் கலங்கிவிட்டது, இன்னும் என்ன வேண்டும்? அவளுக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கட்டணக் கவுண்டரில் போய் நிற்க முடியாது.

"முழுசா வேணும்மா," என்றாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள். "உங்க மேல கோவமில்லைங்க. இதை நான் இன்னைக்கு விட்டுட்டேன்னா, இனிமே உங்ககிட்ட நான் எதைக் கேட்டாலும் அது பிச்சை கேக்கறதாத்தான் இருக்கும். உங்ககிட்ட போய் அப்படிக் கேக்க எனக்குப் புடிக்கல. அதுக்காகத்தான் கேஸ் போட்டேன்."

அவர் அலுவலரிடம் திரும்பி, "முழுசாவே எழுதிக்கங்க," என்றார்.

இருபத்தெட்டாம் தேதி மாலை நான்கரை மணிக்குள் அந்த அலுவலகத்திலேயே முழுத்தொகையையும் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். படிப்புக் கட்டணத்துக்குக் கடைசி நாள் முப்பது. வெளியே வந்ததும் அவள் முதல் வேலையாக அவருடைய காலரை நிமிர்த்திவிட்டாள்.

அதன் பிறகு பதினோரு நாட்கள். அவர் பணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. காலையில் டீ, கையில் சாப்பாட்டு டப்பா, மாலையில் ஸ்கூட்டர் சத்தம் என்று வீடு வழக்கம்போல ஓடியது. ஆனால் இருவரும் கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பவர்களைப்போல நடந்தார்கள். ஒருநாள் கடைப் பக்கம் போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா, உள்ளே விற்பனைக்கு வைத்திருந்த இரண்டு ஃப்ரிட்ஜையும் காணோம் என்றார். அவள் எதுவும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் மனசு இளகிவிடும் என்ற பயம்தான்.

இருபத்தெட்டாம் தேதி மதியத்துக்கு மேல் அவள் மருத்துவமனையில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. போனை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். நாலே கால் ஆனபோது, வரமாட்டார் என்று அவளே தன் மனதுக்குச் சொல்லிக்கொள்ளத் தொடங்கினாள். வராவிட்டாலும் இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு செய்தாக வேண்டும். அந்த நினைப்புதான் எல்லாவற்றையும்விட அவளை அதிகமாக வதைத்தது.

நாலரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் படியேறி வந்தார். முதுகெல்லாம் வியர்வை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"வேன் புரோக்கர் அலைய விட்டுட்டான்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "அட்வான்ஸ்ல மூவாயிரம் புடிச்சுக்கிட்டுத்தான் குடுத்தான். நாய்க்கு மனசே இல்ல."

"வேன்?"

"வேன் கெடக்கட்டும். தள்ளுவண்டி இருக்குல்ல."

அலுவலர் அம்மாள் மேசையில் இடம் ஒதுக்கினார். மெக்கானிக் பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தார். நூறுகளும் ஐந்நூறுகளுமாக ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள். சில நோட்டுகளின் ஓரத்தில் கிரீஸ் கறை. அவள் அவற்றைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அத்தனை நாள் இழுத்துப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் கைவிட்டுப் போயிற்று. கட்டுகளை அப்படியே வாரி, தன் கைப்பையில் போடப் போனாள்.

"எண்ணு," என்றார் அவர்.

"இருக்கட்டுங்க. சரியாத்தான் இருக்கும்."

"எண்ணிட்டு வாங்கு."

"உங்ககிட்ட போய் எண்ணிட்டு வாங்குவாங்களா?"

"எண்ணித்தான் வாங்கணும். உன் பணம்மா இது," என்றார் மெக்கானிக். "எட்டு வருஷம் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமையா போய்ச் சேத்த பணம். எண்ணு. நான் நிக்கிறேன்."

சொன்னபடியே மேசைக்கு அந்தப் பக்கம் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் உட்கார்ந்து முதல் கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். விரலை நனைத்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினாள். பதினேழு, பதினெட்டு என்று வந்தபோது நோட்டுகள் கலங்கித் தெரிந்தன, எண்ணிக்கை தவறிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அலுவலகத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அவசரப்படுத்தாமல் நின்றார்.